தரையில் படாத கால்

ஓடாத சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவன் ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதுவும் யார் வீட்டில்? ஓடுகிற சைக்கிளிலிருந்து ஒரு வாரம் இறங்காமலே இருந்த மனிதர் வீட்டில், அவருடைய படுக்கையறையில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அந்த மனிதர் என் மாமனார் ஓஸ்வால்ட். ஹாலில் மாட்டியிருந்த அவருடைய பழைய போட்டோவைக் கழற்றி, அவர் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டுவது என் திட்டம். ஆணி அடிக்க உயரம் போதவில்லை. ஸ்டூல் சமையலறையில் இருந்தது. சமையலறையில் மாமியார் மௌரீனும் இருந்தார். ஸ்டூலைக் கேட்டால் எதற்கு என்பார், சொன்னால் சும்மா இரு என்பார். பக்கத்தில் என்னுடைய எக்ஸர்சைஸ் சைக்கிள் நின்றது. தொப்பையைக் கரைக்க வாங்கியது. எங்கள் ஃபிளாட்டில் இடம் போதாமல் லிங்கராஜபுரத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து, ஈரத் துண்டுகளையும் மாமனாரின் பனியன்களையும் சுமந்துகொண்டிருந்தது. துணிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு காலை சீட்டிலும் ஒரு காலைப் பெடலிலும் வைத்து ஏறினேன். கக்கத்தில் போட்டோ, வாயில் ஆணி, கையில் சுத்தியல். பெடல் சுற்றியது. வாங்கின நாளிலிருந்து அது ஒழுங்காகச் சுற்றியது அன்றைக்குத்தான்.

கண்ணாடி உடைந்த சத்தம் அடங்கியதும் கட்டிலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"பிரேக் புடிக்க வேண்டியதுதானே மேன்."

அந்த போட்டோவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டீனாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு முதலில் காட்டியது அதைத்தான். டீனாவைக் காட்டியது அதற்கு அப்புறம். இந்த வீட்டு ஹால் சுவர் முழுக்க இப்படிப் படங்கள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அந்தக் காலத்து வாலிபர்கள் சேர்ந்து நடத்திய தேகப்பயிற்சி கிளப்பின் வீரதீரங்கள். கர்லாக் கட்டையோடு மீசைக்காரர்கள் ஒரு வரிசை. ஜீப்பைப் பல்லால் இழுக்கிற ஒருவர். பக்கத்தில் கவலையோடு நிற்பவர் பல் டாக்டராக இருக்கலாம். திருவிழாவில், எண்ணெய் தடவிய கம்பத்தின் மேல் உட்கார்ந்து தலையணையால் அடித்துக்கொள்ளும் இரண்டு பேர். கடைசியில் வருகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற ஸ்லோ சைக்கிள் ரேஸ். நான் ஜெயித்திருக்கக்கூடிய ஒரே விளையாட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், தங்க நிற பிரேமில், ஓஸ்வால்ட்.

படத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது. மழையில் தொப்பலாக நனைந்திருக்கிறார். கழுத்தில் சாயம் கரைகிற காகித மாலை. கைகள் ஹேண்டில்பாரில். முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறது. கூட்டத்தைப் பார்த்து என்று வீட்டில் சொல்வார்கள். படத்தைச் சுற்றி, பிரேமுக்கும் அதற்கும் நடுவே, நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை மவுண்ட் அட்டை.

அப்போதெல்லாம் ஊர் ஊராக நடந்த கூத்து அது. மைதானத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் டியூப்லைட்டும் ஒலிபெருக்கியும். ஒருவன் இரவும் பகலும் அந்த வட்டத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருப்பான். ஓட்டியபடியே குளிப்பான், சவரம் செய்வான், சாப்பிடுவான், யாராவது நீட்டுகிற குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுப்பான். ஓரமாகத் தட்டி மறைவில் ஒரு பெஞ்சு உண்டு. தள்ளிப்போட முடியாத காரியங்களுக்கு அந்தப் பெஞ்சில் கால் வைக்கலாம். தரையில் வைக்கக் கூடாது. கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஓஸ்வால்ட் சொன்ன ஒரு வாரத்தையும் ஓட்டி முடித்து, பாதிரியார் கையால் வெள்ளிக் கோப்பை வாங்கினார். கோப்பை இன்றைக்கும் ஷோகேஸில் இருக்கிறது, உள்ளே ரப்பர் பேண்டுகளோடு.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் கேட்டேன், ஒரு தடவைகூடவா கால் தரையில் படவில்லை என்று. உன்னை ரெஃபரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். கல்யாணம் ஆகி, அவர் எனக்கு அங்கிளிலிருந்து டாடி ஆன பிறகும் கேட்டேன். மம்மியைக் கேளு என்றார். மம்மியைக் கேட்டால், ஓட்டினது அவர், அவரையே கேளு என்றார். இருபது வருஷமாக நானும் அந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் வாரத்தில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுநாளே எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஒரே ஒரு தடவை நின்றார். தலை சுற்றி அப்படியே சரிந்தார். அத்தோடு சரி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கட்டிலை விட்டுக் காலை இறக்கவில்லை. போன தடவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் காட்டப் போனபோது சர்ஜன் என்னையும் டீனாவையும் தனியாக அழைத்துச் சொன்னார்: எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் இவர் இப்படியே படுத்திருந்தால் அப்புறம் அந்தக் கால்கள் நிற்பதையே மறந்துவிடும்.

தினமும் காலையில் பிசியோதெரபி செய்ய ஸ்னேஹா என்ற பெண் வருவாள். ஹாசன் பக்கத்துக்காரி, எங்களுக்காகத் தமிழ் பேசுவாள், பொறுமை தீரும்போது கன்னடத்துக்குப் போய்விடுவாள். படுத்தபடி செய்யும் பயிற்சிகளையெல்லாம் மாமனார் சமர்த்தாகச் செய்வார். வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்ததும் ஆரம்பிப்பார். நான் யாரு தெரியுமாம்மா, அந்தக் காலத்திலேயே ஒரு வாரம் கால் கீழே வைக்காதவன், ஹாலில் போய் போட்டோவைப் பாரு. ஸ்னேஹா சிரித்துவிடுவாள். நாங்களும் சிரிப்போம். அன்றைய தினம் அப்படிக் கழிந்துவிடும்.

ஜோக்கடிக்கிறவன் ஜோக்கடிக்கும்போது அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நானும் அந்த ஜாதிதான், எனக்குத் தெரியும். மாமனாரின் கை மெத்தையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கும், நகம் வெளுக்க.

இதில் அதிகம் தேய்ந்துகொண்டிருந்தது மாமியார். மௌரீன், தண்ணி. மௌரீன், பேப்பர். மௌரீன், அந்த ஃபேனைக் கொஞ்சம் குறை. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நாள் முழுக்க அவர் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து குரல் வந்ததும் தைலக் கையோடு எழுந்து போவார்.

பீன்யாவில் ஒரு வால்வு கம்பெனியில் பர்சேஸ் பார்க்கிற எனக்கு, எந்தப் பிரச்சினைக்கும் ஏதாவது ஒன்றை வாங்கி வைத்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. இந்தத் தடவை வாங்காமலே யோசனை வந்தது. அவருடைய வீரத்தை அவர் கண் முன்னாலேயே மாட்டிவிட்டால் உற்சாகம் வந்து எழுந்து நின்றுவிடுவார். கால் கீழே வைக்காததற்காகப் பேர் வாங்கியவரைக் கால் கீழே வைக்க வைப்பதற்கு, அவர் கால் கீழே வைக்காத போட்டோவையே மாட்டப் போனேன் என்பது விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகிறது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் போட்டோவைப் பார்த்தேன். பிரேம் நாலு துண்டாகியிருந்தது. மவுண்ட் அட்டை தனியாகக் கழன்று கிடந்தது. அட்டை இல்லாமல் போட்டோ இவ்வளவு பெரிதா என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. கீழே நிறைய இருந்தது, வலது பக்கமும் நிறைய இருந்தது.

வலது பக்கம் ஒரு பெண். கையில் பெரிய கறுப்புக் குடை. குடைக்குக் கீழே என் மாமியாரின் மூக்கு, இருபது வயதில். பின்னால் மைதானம் காலி. மழைக்கு எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். படம் எடுத்தவர் ஏதோ கூரைக்கடியில் நின்றிருக்க வேண்டும். கீழே, சைக்கிளுக்கு இரண்டு பக்கமும், சேற்றுத் தண்ணீரில் கணுக்கால்வரை முங்கிய இரண்டு கான்வாஸ் ஷூக்கள். ஓஸ்வால்டின் ஷூக்கள். ஓஸ்வால்டின் கால்கள் அதற்குள்.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"டாடி," என்றேன்.

"கண்ணாடி குத்திடப் போவுது, பாத்து எழுந்திரு," என்றார்.

அதற்குள் ஸ்னேஹா வந்துவிட்டாள். தரையெல்லாம் கண்ணாடி, இன்றைக்கு நிற்பதெல்லாம் நடக்காது என்று மாமனாரே அவளுக்கு முந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். முகத்தில் பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட களை. ஸ்னேஹா என்னைப் பார்த்த பார்வை கன்னடத்தில் இருந்தது.

அவள் போன பிறகு மாமியார் துடைப்பத்தோடு வந்தார். என் கையிலிருந்த போட்டோவை ஒரு கணம் பார்த்தார். பெருக்கினார். ஈரத்துணி போட்டுத் துடைத்தார். அப்புறம், முழங்கால் வலியோடு கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டிலைச் சுற்றியிருந்த இடம் முழுவதையும் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு சில்லுகூட மிச்சமில்லாதபடி. கீழே இறங்கவே இறங்காத கால்களுக்காக. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். அவர் இமை துடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் போட்டோவை எடுத்துக்கொண்டு சிவாஜிநகரில் பிரேம் போடுகிற ராகேஷிடம் போனேன். அவன் போட்டோவையும் பழைய அட்டையையும் மேசையில் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"பழைய மாதிரியே மவுண்ட் போட்டா கீழயும் சைடுலயும் மறைஞ்சிடும் சார். காலும் தெரியாது, அந்தப் பொண்ணும் தெரியாது. மவுண்ட் போடவா, முழுசா போடவா?"

பர்சேஸ் வேலையில் இப்படி எத்தனையோ கேள்விக்கு நின்ற இடத்திலேயே முடிவு சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் டீனா ஸ்கூல் வேலை முடிந்து வந்திருந்தாள். நான் விழுந்த கதையை அவளுக்கு அவள் அப்பா நடித்துக் காட்டி முடித்திருந்தார். கட்டிலில் படுத்தபடியே என் பெடல், என் ஆணி எல்லாம் செய்திருக்கிறார். அறைக்குள் நுழைந்ததும் டீனா என் முழங்கையைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாமியார் டீ கொண்டுவந்தார். இதுதான் சமயம் என்று ராகேஷின் கேள்வியை அப்படியே கேட்டேன். மவுண்ட் போடவா, முழுசா போடவா?

"பழைய மாதிரி," என்றார் மாமனார்.

"முழுசா," என்றார் மாமியார்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டீனா என் கையிலிருந்து போட்டோவை வாங்கிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. அப்பாவை ஒரு தடவை, அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஊரே கூடி, பாதிரியார் கையால் கோப்பை கொடுத்தார்களே, இப்போது போய்க் காலைக் காட்டிக்கொண்டு நிற்பதா என்று மாமனார் முனகினார். அந்தப் பாதிரியாரும் போய்விட்டார், மைதானமும் போய்விட்டது என்று நான் நடுவில் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னதை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"உங்க காலை மட்டுமா மறைச்சீங்க?" என்றார் மாமியார். குரல் உயரவில்லை. "பக்கத்துல குடையோட நின்னவளையும் சேர்த்துல்ல மறைச்சீங்க. யாரைப் பாத்து அப்படி சிரிக்கிறாருன்னு வரவங்க எல்லாரும் கேக்கிறாங்க. கூட்டத்தைப் பாத்துன்னு நானே சொல்லிட்டு வரேன். இத்தனை வருஷமா."

டீ தம்ளரை மாமனார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமனார் டீயை ஊதினார். என்னைப் பார்த்து ஏதாவது ஜோக் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானும் ஒன்று தயாராக வைத்திருந்தேன். கடைசியில் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்தார்.

மௌரீன், சக்கரை கம்மி. மாமியார் வந்து, போட்டுக் கலக்கிவிட்டுப் போனார். மௌரீன், அந்த ஜன்னல். வந்து சாத்திவிட்டுப் போனார். ஜன்னல் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்து சாத்தியிருக்கலாம் என்று சாத்தின பிறகுதான் தோன்றியது.

"மௌரீன்," என்று மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்.

மாமியார் வந்தார். உள்ளே வரவில்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றார்.

"எதுவா இருந்தாலும் நின்னு கேளுங்க."

களைத்துப்போய்த் திட்டுகிறார் என்றுதான் நானும் டீனாவும் நினைத்தோம். மாமனார் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது. அவர் தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் நான் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், தங்க நிற பிரேமுக்குள்ளே.

"என்னா சொன்னே?" என்றார்.

"காது நல்லாத்தான் கேக்குது. நின்னு கேளுங்கன்னேன்."

மாமனார் டீ தம்ளரை என்னிடம் நீட்டினார். போர்வையை விலக்கினார். வாக்கரை இப்படித் தள்ளு மேன் என்றார், உப்பை இப்படித் தள்ளு என்கிற மாதிரி. டீனா எழுந்துவிட்டாள். ஸ்னேஹா சொல்லிக்கொடுத்திருந்தபடி அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். முதலில் நல்ல கால், அப்புறம் ஆபரேஷன் ஆன கால். வெளுத்து, மெத்தென்று, புதிதாகச் செய்த மாதிரி இருந்த இரண்டு பாதங்கள் சிமெண்டுத் தரையைத் தொட்டன. தொட்டதும் அவர் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. என் தோளில் இருந்த அவர் விரல்கள் எலும்புவரை இறங்கின. காலையில் விழுந்ததைவிட அதிகமாக வலித்தது. தோளை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன்.

எழுந்தார். முழுதாக எழுந்தார். வாக்கர் கிடுகிடுவென்று ஆடியது, அப்புறம் ஆட்டம் குறைந்தது. இவர் என்னைவிட உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாமியார் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது.

மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு, அவரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"உன் பேர் என்னா?"

டீனா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். இந்த வயதில் படுக்கையில் கிடந்தால் சில பேருக்கு ஞாபகம் தப்பும் என்று எங்கேயோ படித்திருந்தேன். சர்ஜனுக்கு போன் செய்வதா, பாதிரியாருக்கா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மாமியார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"மௌரீன்," என்றார்.

மாமனார் தலையை ஆட்டினார், முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார். கால் இன்னும் தரையில்தான் இருந்தது. முழுசாவே போடட்டும், ராகேஷ்கிட்ட சொல்லிடு என்றார்.

இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. ஆடுகிற மனிதரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இருபது வருஷத்துக் கேள்வியைக் கேட்டேன்.

"டாடி, அன்னைக்குக் கால் தரையில பட்டுச்சா, இல்லையா?"

"தானா படல மேன், நான்தான் வச்சேன்," என்றார் மாமனார். "ரெண்டு காலும். ஒவ்வொரு ரவுண்டும் இவளைத் தாண்டும்போது பேர் என்னா, பேர் என்னான்னு கேட்டுக்கிட்டே போனேன். சொல்லவே இல்லை. மழை வந்துச்சு, எல்லாரும் ஓடிட்டாங்க, இவ மட்டும் குடையோட நின்னா. போற போக்குல கேக்கிறவங்களுக்கெல்லாம் பேர் சொல்ல முடியாது, நின்னு கேளுங்கன்னா. நின்னேன்."